சீட்டுக்கு அடியில் ஒரு திருகு

அவன் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்தில் யார் நடுவழியில் மாட்டிக்கொண்டாலும் போய்க் கதவைத் திறந்து வெளியே விடுவான். அவனை வெளியே விடத்தான் ஆளில்லை. தெருவிலும் சரி, வேலை இடத்திலும் சரி, எல்லாரும் அவனை 'மாப்பிள்ளை' என்றுதான் கூப்பிட்டார்கள். வீட்டோடு மாப்பிள்ளை என்பது அத்தனை பேருக்கும் தெரியும்.

மாமனாருக்கு நெஞ்சில் ஆபரேஷன் நடந்தபோது, "கொஞ்ச நாள் கூட இருங்க மாப்ளே" என்று கேட்டார். பாவம் பெரிய மனுஷன் என்று மனைவியோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். மாமனார் குத்துக்கல்லாட்டம் தேறிவிட்டார். அந்தக் 'கொஞ்ச நாள்'தான் முடிகிற வழியாக இல்லை. இவர்களுக்குக் கொடுத்த அறை கூடத்துக்கும் கொல்லைப்புறத்துக்கும் நடுவில். விடிந்ததும் ஈரத்துணி வாளியோடு மாமியார் அதன் வழியாகத்தான் போவார். "நீங்க தூங்குங்க, நீங்க தூங்குங்க" என்று வேறு சொல்லிவிட்டுப் போவார். எங்கேயிருந்து தூக்கம் வரும்? டிவி ரிமோட் மாமனார் மடியில். மின்விசிறி எவ்வளவு வேகத்தில் சுற்ற வேண்டும் என்பதும் அவர் தீர்ப்பு. கெட்டவராக இருந்தால் சண்டை போட்டுக்கொண்டு கிளம்பிவிடலாம். மனுஷன் தங்கமானவர், பாசக்காரர், வாய் மட்டும் ஓயாது. மூச்சு முட்டியது அவனுக்கு.

அவனுக்கென்று இருந்தது ஒன்றே ஒன்று: காலையில் வேலைக்குப் போகிற, மாலையில் திரும்புகிற பைக் பயணம். ஹெல்மெட்டுக்குள் தலையை நுழைத்துவிட்டால் அவன் ராஜா. சில நாள் பாடுவான். சில நாள் மாமனாரை வாய் வலிக்கத் திட்டுவான். வண்டி என்னவோ மாமனாருடையதுதான். ஆனால் மெதுவாகப் போனால் திக்கித் திக்கி இழுக்கும். கம்பெனியிலேயே இன்ஜினுக்குப் போகிற பெட்ரோலைக் குறைத்துத்தான் வைத்து அனுப்புகிறார்கள், ஒன்றும் செய்ய முடியாது என்று சர்வீஸ் சென்டரில் கையை விரித்துவிட்டார்கள். "இந்த இருமல் வண்டி எனக்கு வேணாம்" என்று மாமனார் சாவியை இவனிடம் தள்ளிவிட்டிருந்தார். அந்த இருமல்தான் தன் பயணத்துக்குக் காவல் என்பது மாப்பிள்ளை மக்குக்கு உறைக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் சீட்டைக் கழற்றி உட்கார்ந்தான். உள்ளே போகிற காற்று சூடா குளிரா என்று வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்ல ஒரு சென்சார் உண்டு. குளிர் என்று சொன்னால் கம்ப்யூட்டர் பெட்ரோலைச் சற்றுக் கூட்டி விடும். அந்தச் சென்சாரின் ஒயரை வெட்டி, நடுவில் ரேடியோவில் சத்தம் கூட்டுவது போன்ற ஒரு திருகை வைத்துப் பற்றவைத்தான். திருகத் திருக ஒயரில் தடை கூடும். கம்ப்யூட்டர் ஊரெல்லாம் குளிர் என்று நம்பிவிடும். அவ்வளவுதான் சங்கதி. டேப் சுற்றி பேட்டரிக்குப் பக்கத்தில் திருகை ஒளித்துவைத்துவிட்டு, கிளப்பிப் பார்த்துப் பார்த்துத் திருப்பினான். ஓரிடத்தில் திக்கல் நின்று, வண்டி வெண்ணெயாக ஓடியது.

மாமனாருக்குப் பாம்புக் காது. "என்ன மாப்ளே, சத்தமே மாறிடுச்சு? சாவியக் குடுங்க, ஒரு சுத்து சுத்திட்டு வரேன்."

போனவர் முகமெல்லாம் பல்லாகத் திரும்பினார். மறுநாள் காலை வண்டியும் இல்லை, அவரும் இல்லை. அதற்கு மறுநாளும் அப்படியே. இவன் பஸ்ஸில் யார் அக்குளுக்கோ கீழே நசுங்கிக்கொண்டு வேலைக்குப் போனான். ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான், வேறென்ன?

மனைவியிடம் புலம்பினான். "ஆபரேஷனுக்கு அப்புறம் இப்பதாங்க அப்பா சந்தோஷமா இருக்காரு. விடுங்களேன்" என்றாள் அவள்.

விடுவானா? அடுத்த நாள் விடியலில் பூனை மாதிரி போய் சீட்டைத் தூக்கி, திருகைப் பழைய இடத்துக்கே திருப்பிவைத்தான். அன்று சிக்னலில் மெதுவாக்கியதும் மாமனாரின் வண்டி திக்கித் திக்கி அணைந்தேபோனது. பின்னாலிருந்தவர்கள் ஹாரன் அடித்தே அவர் மானத்தை வாங்கினார்கள். வேர்த்து விறுவிறுத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். நெஞ்சு ஆபரேஷன் செய்துகொண்டவர் ஆயிற்றே என்று இவனுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் ரகசியமாகத் திருகைச் சரிசெய்து, அவர் கண்ணெதிரிலேயே தெருவை ஒரு வலம் வந்து காட்டினான். வண்டி சொன்னபடி கேட்டது. இறங்கியதும் திருகை மறுபடி கெடுத்துவைத்தான். மறுபடி அவர் எடுத்தார், மறுபடி தள்ளிக்கொண்டே வந்தார்.

அன்று சாப்பிடும்போது மாமனார் தொண்டையைச் செருமினார். "மாப்ளே, அந்த வண்டி உங்க கைக்குத்தான் அடங்குது. எனக்கு அடங்கல. இனிமே நான் தொடமாட்டேன்."

அப்பாடா! சோறு அமிர்தமாக இறங்கியது அவனுக்கு.

"அதனால நீங்களே ஓட்டுங்க, நான் பின்னாடி உக்காந்துக்கறேன். உங்க ஆபீஸ் பக்கத்துப் பார்க்லதான் நம்ம கூட்டாளிங்க பகல் பூரா இருக்காங்க. காலையில எறக்கி விடுங்க, சாயங்காலம் ஏத்திக்குங்க."

"அட, எவ்ளோ நல்ல யோசனை!" என்று மனைவி கைதட்டாத குறை. மாமியார் அவன் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தார்.

மறுநாள் காலை மாமனாரின் இரண்டு கைகளும் அவன் தோளில். வண்டி இருமாமல் திணறாமல் போனது; போகாமல் என்ன செய்யும்? இவன் கையிலும் திக்கினால் மாமனார் வண்டியையே தலைமுழுகி விற்றுவிடுவார், பிறகு பஸ்தான். நன்றாக ஓட்டித்தான் தீர வேண்டும். ஹெல்மெட்டையும் தாண்டி அந்தக் குரல் காதுக்குள் நுழைந்தது. மாமனார் தன் முதல் வேலையில் தொடங்கி, அங்கே நடந்த சண்டைகளுக்கு வந்திருந்தார். அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

சிக்னலில் வண்டியை நிறுத்தியதும் அவர் இன்னும் நெருங்கி உட்கார்ந்தார்.

"மாப்ளே, ஞாயித்துக்கிழமைங்கள்ல நீங்க சும்மாத்தானே இருக்கீங்க?"