கேட்காமல் எழுதிய வலி

ஏழாம் கட்டிலின் இடப்பக்கக் கம்பியில் ஒரு சாண் நீளத்துக்குப் பெயின்ட் உரிந்து இரும்பு பளபளத்துக்கொண்டிருந்தது. வார்டில் இருந்த மற்றக் கட்டில்களிலும் அப்படித்தான். ஆபரேஷன் செய்து பிள்ளை பெற்ற பெண்கள் ஒருக்களித்துப் படுக்கவும் எழுந்து உட்காரவும் பிடித்துக்கொள்ளும் இடம் அது. பதினோரு வருடம் அந்த வார்டில் செவிலியராக வேலை பார்த்தேன். அந்தக் கம்பிகளைத் தினமும் பார்த்தேன், துடைக்கச் சொன்னேன், துடைக்காதவர்களைத் திட்டவும் செய்தேன். அந்த இடம் மட்டும் ஏன் இப்படித் தேய்ந்துபோயிருக்கிறது என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை. யோசிக்க வைத்தவள் கவரைப்பேட்டையிலிருந்து வந்த ஒருத்தி. அவளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் வருவது கோபம்தான். அதில் பாதி என்மேல்.

கும்மிடிப்பூண்டிப் பக்கத்து அரசு மருத்துவமனை அது. பெயர் வேண்டாம். நடவுக்குப் போகும் பெண்களும் வருவார்கள், கம்பெனிகளில் ஷிப்ட் வேலை பார்க்கும் பெண்களும் வருவார்கள். ஆபரேஷனுக்கு முன் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வோம். இரண்டு மூன்று மணி நேரத்தில் அது இறங்கிவிடும். அதன்பிறகு பிட்டத்தில் ஒரு வலி ஊசி, வேளைக்கு ஒரு மாத்திரை, அவ்வளவுதான். யாராவது முனகினால் எங்களிடம் தயாராக ஒரு வசனம் இருந்தது: “புள்ள பெத்தா வலிக்காம என்ன செய்யும்?” எனக்குச் சொல்லிக்கொடுத்த மூத்த நர்ஸ்கள் அதைச் சொன்னார்கள். நானும் சொன்னேன். நாங்கள் எல்லோரும் பெண்கள்.

அந்த வருடம் புதிதாக வந்த மயக்க டாக்டரம்மா வேறொன்று செய்தார். தையல் போட்டு முடித்ததும், ஸ்கேன் மெஷினை வயிற்றின் பக்கவாட்டில் வைத்துத் திரையில் பார்த்தபடியே, தசை அடுக்குகளுக்கு நடுவே மரத்துப்போகும் மருந்தை வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று என்று செலுத்துவார். வயிற்றுச் சுவருக்குப் போகும் நரம்புகள் அந்த இடத்தில் ஓடுகின்றனவாம். ‘பிளாக்’ என்பார்கள் அதை. கர்ப்பப்பை சுருங்கும் வலி இருக்கத்தான் செய்யும். ஆனால் தையல் போட்ட இடத்தின் வலி அரை நாளுக்கு மேல் அடங்கியிருக்கும். அப்படி வந்த பெண்கள் மாலைக்குள் எழுந்து உட்கார்ந்தார்கள். குழந்தையை மடியில் போட்டுப் பால் கொடுத்தார்கள். மூன்று மாதம் இது நடந்தது. பிறகு பிரிவுத் தலைவரான பெரிய டாக்டர் அதை நிறுத்திவிட்டார்.

ஆபரேஷனில் பெரிய டாக்டரின் கை தேர்ந்த கை. எத்தனையோ தாயையும் பிள்ளையையும் அவர் காப்பாற்றியதை நானே பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அதனாலேயே அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது. “ஒவ்வொரு கேஸுக்கும் பத்து நிமிஷம் டேபிளை அடைச்சுக்கிட்டு உக்காந்தா அடுத்த கேஸை எப்ப எடுக்கிறது? வலியால யாரும் செத்ததில்ல” என்றார். மெஷின் அவர் அறைக்குப் போனது. சாவி அவர் மேஜை இழுப்பறைக்குப் போனது. டாக்டரம்மா எழுதிக் கொடுத்த கடிதத்துக்குப் பதில் வரவில்லை. எனக்கு அதில் பெரிய வருத்தம் ஒன்றும் இருக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு வேலை குறைந்தது என்றுதான் நினைத்தேன்.

கவரைப்பேட்டைக்காரி முதல் பிரசவத்துக்கு வந்தவள். வண்டிக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை. ஒல்லியான உடம்பு, கணீரென்ற குரல். துணைக்கு அவளுடைய அக்கா வந்திருந்தாள். காலையில் ஆபரேஷன் ஆகிப் பெண் குழந்தை பிறந்தது. மதியத்துக்குமேல் ஊசி இறங்கியதும் அவள் முகம் மாறியது. திரும்ப முடியவில்லை, இருமக்கூட முடியவில்லை. குழந்தையைப் பக்கத்தில் விட்டால் அது காலை உதைத்துத் தையலில் பட்டுவிடுமோ என்று பயந்து அக்காவிடமே கொடுத்துவிட்டாள். அக்கா பாலாடையில் பவுடர் பாலை ஊற்றினாள். பால் ஏன் கொடுக்கவில்லை என்று நான்தான் அவளைக் கடிந்துகொண்டேன்.

அதே நாள், அதே தியேட்டரில், அடுத்ததாக ஒரு ஆபரேஷன் நடந்தது. ஊரில் செல்வாக்குள்ள ஒருவரின் மருமகள். அவளுக்காகத் தனியறை ஒதுக்கியிருந்தார்கள். அன்று பெரிய டாக்டரே சாவியை எடுத்துக்கொடுத்து, “அந்தப் பொண்ணுக்கு அந்த பிளாக்கைப் போட்டுடுங்க” என்றாராம். டாக்டரம்மா போட்டார். பிறகு மெஷின் மறுபடி பூட்டுக்குள் போய்விட்டது.

இந்த மாதிரி விஷயங்கள் வார்டில் மறைந்து கிடக்காது. மறுநாள் காலை வெந்நீர் பிடிக்கப் போன அக்கா திரும்பி வந்து தங்கையிடம் சொன்னாள்: “அந்த ரூமு பொண்ணு ஜம்முனு எய்ந்து குந்திக்கினு கொய்ந்தைக்குப் பால் குடுக்குதுடி. ரெண்டு பக்கமும் ஏதோ ஊசியாம். நரம்பு மரத்துப்பூடுமாம்.”

அவள் என்னைக் கூப்பிட்டாள். “இன்னா மேடம், எனக்கு ஏன் அத்தப் போடல?”

“அதெல்லாம் டாக்டர் முடிவு பண்றது” என்றேன்.

“எங்க கம்பெனில லைன்ல எதனா தப்பாப் போனா ஒரு பட்டன் கீது மேடம். காண்ட்ராக்ட்டுக்காரங்ககூட அமுக்கலாம். லைனே நின்னுடும். சூப்பர்வைசர் ஓடியாருவாரு. இங்க இன்னாத்த அமுக்குறது?”

நான் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட்டேன்.

ஒன்பது மணிக்கு ரவுண்ட்ஸ். பெரிய டாக்டர் முன்னால், டாக்டரம்மாவும் மற்றவர்களும் பின்னால். ஏழாம் கட்டிலுக்கு வந்ததும் அவள் கம்பியைப் பிடித்துத் தலையை மட்டும் தூக்கி, என்னிடம் கேட்டதையே அவரிடம் கேட்டாள். வார்டு முழுவதும் கேட்கும்படியாகக் கேட்டாள்.

அவர் சிரித்தார். “அந்தப் பொண்ணு செல்லமா வளர்ந்தது. உனக்கு கம்பெனில நின்னு வேலை செஞ்ச உடம்பு. தாங்கும்மா.”

“எட்டு மணி நேரம் நிக்கறதுக்குத் தாங்கும் சார். கத்தி வச்சா எனக்கும் அதே மாறிதான் அறுக்கும்.”

அவர் சிரிப்பு நின்றது. கட்டிலின் காலடியில் தொங்கிய கேஸ் ஷீட்டை எடுத்துப் புரட்டினார். “இதோ பாரு, சிஸ்டர் நேத்து மத்தியானமே எழுதியிருக்காங்க. வலி இல்லை, நலமாக இருக்கிறார். சாயந்திரமும் அதேதான். உனக்கு வலி இல்லம்மா, வீம்பு.”

அது என் கையெழுத்து. நாங்கள் அதை எப்படி எழுதுவோம் என்று சொல்கிறேன். எல்லாக் கேஸ் ஷீட்டையும் மேஜையில் அடுக்கி வைத்துக்கொண்டு, நாற்காலியை விட்டு எழாமல், வரிசையாக ஒரே வாக்கியத்தை எழுதிக்கொண்டே போவோம். அன்று மதியம் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு கிடந்ததை என் இருக்கையிலிருந்தே பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டுத்தான் அப்படி எழுதியிருக்கிறேன். அந்த எழுத்தை அவர் எடுத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டியபோதுதான் நான் செய்தது என்ன என்று எனக்கு உறைத்தது. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். திட்டும் பார்வைகூட இல்லை. இவள் இப்போதாவது ஏதாவது சொல்வாளா என்று பார்க்கிற பார்வை.

“சார், அது நான் கேக்காம எழுதினது” என்றேன். “யாரையும் கேட்டு எழுதறதில்ல. அவங்களுக்கு நேத்திலேர்ந்து வலி தாங்கல. குழந்தைக்குப் பால்கூட குடுக்க முடியல.”

“சிஸ்டர், நீங்க என்ன பேசறீங்கன்னு தெரியுதா?”

“தெரியுது சார்.”

அப்போது டாக்டரம்மா முன்னால் வந்தார். எதுவும் விளக்கவில்லை. “இப்பவும் போடலாம் சார். வார்டுலயே, கட்டில்லயே போடலாம். சாவி குடுங்க” என்று கையை நீட்டினார். நீட்டிய கையை அவர் மடக்கவே இல்லை. சுற்றிலும் பதினாறு கட்டில்கள். படுத்திருந்த பெண்களும், துணைக்கு வந்தவர்களும், துடைப்பத்தோடு நின்ற ஆயாவும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரிய டாக்டர் கேஸ் ஷீட்டைக் கட்டிலில் போட்டுவிட்டு, “என் டேபிள்ல இருக்கு, எடுத்துக்குங்க” என்று சொல்லிவிட்டு வெளியே போனார். பாதி ரவுண்ட்ஸ் அப்படியே நின்றுபோனது.

மெஷினை நானே தள்ளிக்கொண்டு வந்தேன். டாக்டரம்மா இரண்டு பக்கமும் போட்டார். அரை மணி நேரம் ஆகியிருக்கும். அவள் நெற்றிச் சுருக்கம் மெதுவாகப் பிரிந்தது. முதுகுக்குத் தலையணை வைத்து அவளை உட்கார வைத்தேன். குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். அது தேடித் தேடிப் பிடித்துக்கொண்டது. “இவ்ளோதானா மேடம்?” என்றாள். “இந்த ரெண்டு ஊசிதானா?” சந்தோஷமாகச் சொல்லவில்லை. ஒரு நாள் முழுக்கத் தன்னிடமிருந்து எதைப் பிடுங்கி வைத்திருந்தார்கள் என்று தெரிந்துபோனவளின் குரல் அது.

இரண்டு நாளில் எனக்கு மெமோ வந்தது. நோயாளிகள் முன்னிலையில் மருத்துவமனையின் மதிப்பைக் குறைத்ததற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். கேட்காமல் எழுதியது என் தவறு, அதைச் சொன்னது தவறல்ல என்று பதில் எழுதினேன். சில மாதம் வெளிநோயாளிகள் பிரிவுக்கு என்னை மாற்றினார்கள். ஆனால் மெஷின் மறுபடி பெரிய டாக்டரின் அறைக்குப் போகவில்லை. தனியறை விவகாரம் ஊர் முழுக்கத் தெரிந்துபோயிருந்தது. அதன்பிறகு எல்லோருக்கும் போட்டார்கள். பத்து நிமிஷத்தால் எந்தக் கேஸும் தள்ளிப்போனதாக நான் கேள்விப்படவில்லை.

தையல் பிரித்து வீட்டுக்குப் போகிற அன்று அவளிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அக்கா பையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். அவள் குழந்தையின் துணியைச் சரிசெய்தபடியே சொன்னாள்: “அன்னிக்கி சொன்னீங்க, சரி. அதுக்கு மொத நாளு ஒரு வார்த்த கேட்டிருந்தா இன்னா மேடம்?” அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்து போனாள்.

இப்போது அதே வார்டுக்கு நான் பொறுப்பு. பிளாக் போடுகிறோம், மயக்க டாக்டர் விடுப்பில் இருக்கும் நாட்களில் மட்டும் இன்னும் திண்டாட்டம்தான். வலி எவ்வளவு என்று ஒவ்வொரு கட்டிலாகப் போய்க் கேட்டுத்தான் எழுத வேண்டும் என்று வைத்திருக்கிறேன். போன வாரம் பொதட்டூர்பேட்டையிலிருந்து வந்த ஒரு பெண்ணிடம் குனிந்து கேட்டேன். அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, “தப்பா நெனச்சிக்காதீங்க மேடம், கொஞ்சம் வலிக்குது” என்றாள். வயிற்றை அறுத்துத் தைத்து ஆறு மணி நேரம் ஆகியிருந்தது, டாக்டர் விடுப்பு என்பதால் பிளாக்கும் இல்லை. எதைத் தப்பாக நினைக்கப் போகிறேன் என்று பயந்தாள் அவள்? அவள் கேட்ட அந்த மன்னிப்பு எனக்குச் சேர வேண்டியதல்ல. அவளுக்கு வலி ஊசியை ஏற்றினேன். எங்கள்மேல் வந்த கோபத்தோடுதான்.