பூக்கூடையில் விட்டுப் போன போன்

ஐப்பசி பிறந்தாலே எனக்குப் பயம் வந்துவிடும். தீபாவளி, கார்த்திகை, பொங்கல் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஊரே துணி எடுக்கும். நான் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். போன தை மாதம் வரை என் நிலைமை இதுதான். அதை ஆண்டாள் தாயார் எப்படி மாற்றினாள் என்பதைத்தான் சொல்ல வந்தேன். நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கோர்வையாக எழுத வராது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ராஜபாளையம். தளவாய்புரத்தில் ஒரு நைட்டி கம்பெனியில் தையல் வேலை. மனைவி இறந்து மூன்று வருடமாகிறது. ஒரே பையன் கார்த்தி. பட்டாளத்தில் இருக்கிறான். பனி விழுகிற மலையில் எங்கேயோ காவல். எந்த இடம் என்று அவனும் சொல்ல மாட்டான், சொன்னாலும் எனக்குத் தெரியாது. மேலே இருக்கும்போது டவர் கிடைக்காதாம். சாமான் எடுக்கக் கீழே இறங்கும்போதுதான் போன் போடுவான். அது என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று யாருக்கும் தெரியாது.

நான் இயல்பிலேயே பயந்த சுபாவம். பஸ் கொஞ்சம் பிந்தினாலே எங்கேயோ கவிழ்ந்துவிட்டது என்று நினைப்பவன். அப்படிப்பட்டவனுக்கு எல்லையில் ஒரு பிள்ளை. போனைச் சட்டைப்பையில் வைத்து, மேலே ஒரு கையை வைத்தபடியே நடப்பேன். குளிக்கும்போதுகூட அதை ஜன்னல் விளிம்பில் வைத்திருப்பேன். மிஷின் சத்தத்தில் மணியடித்தது கேட்காமல் போய்விடுமோ என்று அடிக்கடி காலைப் பெடலிலிருந்து எடுத்து எடுத்துப் பார்ப்பேன்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் ஸ்ரீவில்லிபுத்தூர் போவேன். ஆனால் ஆண்டாள் கோயிலுக்குள் போக மாட்டேன். உள்ளே போனுக்கு அனுமதியில்லை, வெளியே கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். அந்த நேரம் பார்த்துப் பையன் கூப்பிட்டுவிட்டால்? அதனால் தேரடியில் நின்று கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு பஸ் ஏறிவிடுவேன். இரண்டு வருடம் இப்படித்தான் கும்பிட்டேன்.

அங்கே மூக்கம்மா என்று ஒரு பூக்காரி. அவளிடம்தான் துளசி வாங்குவேன். வாங்கின துளசியை அவளிடமே கொடுத்து உள்ளே யாராவது போனால் கொடுத்துவிடச் சொல்வேன். அவளுக்கு அது பெரிய வேடிக்கை.

"ஏண்ணே, வாசல் வரைக்கும் வந்துட்டு உள்ள வராம போற விருந்தாளியை நம்ம வீட்டுல என்ன நெனைப்போம்? தாயாரு கோவிச்சுக்கிட மாட்டாளா?" என்பாள்.

"அவளுக்கு என் நெலமை தெரியும்மா" என்பேன்.

"தெரியும் தெரியும். ரெண்டு பேருக்கும் நடுவுல அந்த டப்பா நிக்கதும் தெரியும்" என்பாள்.

போன மார்கழியில் கார்த்தி பொங்கலுக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். நான் வீட்டுக்கு வெள்ளையடித்தேன். அவனுக்கு ஒரு சட்டை தைத்தேன். பொங்கல் நெருங்கும் நேரத்தில் கூப்பிட்டு, "அப்பா, லீவு கிடைக்கல" என்றான். அவ்வளவுதான் சொன்னான். நான் அழுதுவிட்டேன். அதற்குள் லைன் போய்விட்டது.

மறுநாள் மிஷினில் உட்கார்ந்தால் கண் மங்குகிறது, நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. என்ன தைக்கிறேன் என்றே தெரியவில்லை. கம்பெனி மேஸ்திரி நான் தைத்து வைத்ததில் ஒன்றை எடுத்து விரித்துப் பார்த்தார். கழுத்தைச் சேர்த்து மூடித் தைத்திருந்தேன்.

"அண்ணாச்சி, இதுக்குள்ள எந்த மகராசி தலையை நுழைப்பா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்து, இந்தப் பொங்கலன்று காலையில் நான் எழுந்திருக்காமலே போய்விட்டால் நல்லது என்று நினைத்தேன். மறைக்காமல் சொல்கிறேன், அப்படித்தான் நினைத்தேன்.

மார்கழிக் கடைசி ஞாயிறு. வழக்கம்போல் தேரடிக்குப் போனேன். மூக்கம்மா என் முகத்தைப் பார்த்ததும் கேலி பண்ணவில்லை. என்ன என்று கேட்டாள். சொன்னேன். அவள் மாலை கட்டுவதை நிறுத்திவிட்டுக் கையை நீட்டினாள். "போனை இங்க குடு. அடிச்சா நான் பேசுதேன். நீ உள்ள போய் அவகிட்ட நேருல கேளு."

"நீ எடுக்கதுக்குள்ள கட்டாயிருச்சுன்னா?"

"எம் மக மதுரையில இருக்கா. ஒரு நாளைக்கு நாலு தடவ பேசுறா. எனக்குப் போன் எடுக்கத் தெரியாதாக்கும். குடுண்ணே."

எப்படிக் கொடுத்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. அவள் அதைப் பூக்கூடையில், ஈரத்துணி படாத மூலையில் வைத்தாள். நான் துளசியைக் கையில் வாங்கிக்கொண்டு உள்ளே நடந்தேன்.

நடக்க நடக்கக் கை சட்டைப்பைக்குப் போகும். அங்கே ஒன்றும் இருக்காது. திக்கென்றிருக்கும். மறுபடி நடப்பேன். சன்னதிக்கு முன்னால் கூட்டம், மார்கழிக் கூட்டம். நகர்ந்து நகர்ந்து அருகில் போனபோது ஆண்டாள் நாச்சியார் விளக்கொளியில் நின்றாள். நான் இரண்டு கையும் கூப்பிக் கும்பிட்டு எத்தனை நாளாயிற்று. வெளியே நின்றபோதெல்லாம் ஒரு கை பையில்தானே இருந்தது.

"தாயே, பொங்கலுக்கு என் பிள்ளையைக் கொண்டாந்து சேரு. அது முடியாதுன்னா அந்த ஒரு நாளைக் கடக்க எனக்குத் தெம்பைக் குடு" என்று கேட்டேன். வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

தீர்த்தம் வாங்கிக் குடித்தேன். பிரகாரத்தில் ஒரு தூண் ஓரமாக உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் உட்கார்ந்தேன் என்று தெரியாது. நெஞ்சில் அந்தப் படபடப்பு இல்லை. பை காலியாக இருந்தது, எனக்குப் பயமாக இல்லை. அது எனக்கே புதிதாக இருந்தது.

வெளியே வந்தால் மூக்கம்மா என் போனைக் காதில் வைத்துச் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறாள். ஓடினேன். நான் போய்ச் சேரவும் லைன் கட்டாகவும் சரியாக இருந்தது.

"உம் மவன்தாண்ணே" என்றாள்.

இரண்டு வருடம் வெளியிலேயே காத்துக் கிடந்தேன், உள்ளே போன அன்றைக்குத்தானா வர வேண்டும்? தாயார் இப்படிச் செய்துவிட்டாளே என்று அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"செத்த நேரம் நான் சொல்றதைக் கேளு" என்றாள் மூக்கம்மா. "அழுத மனுஷன் எப்படி இருக்காரோன்னு தெரிஞ்சுக்கிடத்தான் போட்டிருக்கான். நீ கோயிலுக்குள்ள போயிருக்கேன்னதும், நெசமாவான்னு ரெண்டு தடவ கேட்டான். பொறவு ஒண்ணு சொன்னாம்ணே, நீ வருத்தப்படக் கூடாது."

"என்ன சொன்னான்?"

"'அப்பா எடுத்ததும் குண்டு போடுதாங்களா, குளிரு தாங்குதா, எப்ப வருவன்னு கேட்டுட்டு அழுவாரு அத்தை. அவரு அழுதா எனக்கு அன்னிக்கிச் சோறு எறங்காது. அதனால கீழ எறங்குனாலும் மனசு திடமா இருக்கிற அன்னிக்கி மட்டுந்தான் போடுவேன்'ன்னான்."

நான் தேர்ச்சக்கரத்தைப் பார்த்தபடியே இருந்தேன். டவர் இல்லாததால் என் பிள்ளை கூப்பிடவில்லை என்றல்லவா நினைத்திருந்தேன். பாதி நாள் என் பயத்துக்குப் பயந்துதான் கூப்பிடாமல் இருந்திருக்கிறான். இதை என்னிடம் நேராக அவன் சொல்லியிருக்கவே மாட்டான். நானும் வெளியே நின்றுகொண்டேயிருந்தால் எனக்கு இது தெரிந்தே இருக்காது. உள்ளே போய்க் கேட்டேன், வெளியே பதில் காத்திருந்தது.

"இன்னும் ஒண்ணு" என்றாள் மூக்கம்மா. "உங்கப்பா இந்த வருசம் பொங்கல் வைக்காரு, காலையில கூப்பிடுன்னு சொல்லிட்டேன்."

"யாரைக் கேட்டுச் சொன்ன? எனக்குப் பொங்கத் தெரியாதே."

"திங்கத் தெரியும்ல? மத்தது தன்னால வரும்" என்றாள்.

எங்கள் வீட்டில் பொங்கல் என்றால் எல்லாம் மனைவிதான். அவள் போனபிறகு அந்த வெண்கலப் பானை பரணை விட்டு இறங்கவில்லை. பொங்கலன்று விடியற்காலையில் அதை இறக்கிப் புளி போட்டுத் தேய்த்தேன். மஞ்சள் கொத்தைப் பானைக் கழுத்தில் கட்ட வேண்டும், கயிறு வாங்க மறந்துவிட்டேன். நைட்டி ஓரத்தில் வைத்துத் தைக்கிற பைப்பிங் துணி ஒரு சுருள் கிடந்தது, அதை வைத்துக் கட்டினேன். கோலமாவும் இல்லை. துணியில் குறி போடுகிற சாக்குக்கட்டியால், ஸ்கேல் வைத்து நான்கு பக்கமும் அளந்து கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.

எதிர்வீட்டு லட்சுமியக்கா வெளியே வந்து பார்த்தார்கள். அவர்கள் வீட்டில் தெலுங்குதான் பேசுவார்கள். என்னைத் தம்பி என்பதற்குத் தம்முடு என்றுதான் கூப்பிடுவார்கள்.

"என்ன தம்முடு, வாசலுக்கு நைட்டி தைக்கிறயா?" என்றார்கள்.

"கோலம்க்கா."

"கழுத்து எங்க, கை எங்க?" என்று சிரித்துக்கொண்டே மாவுக் கிண்ணத்தோடு வந்து உட்கார்ந்தார்கள். என் கோட்டை அழிக்கவில்லை. அதைச் சுற்றியே வளைத்து ஒரு கோலம் போட்டார்கள். பிறகு அவர்கள் பானையையும் தூக்கிக்கொண்டு வந்து என் பானைக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டார்கள். "உனக்கு அரிசி போடுற பக்குவம் தெரியாது, என் கண்ணு முன்னாலயே வை" என்றார்கள்.

பால் நுரைத்து மேலே வருகிறது, போன் அடிக்கிறது. கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் போகும்போதெல்லாம் இதைத்தான் ஒத்திகை பார்த்திருந்தேன். என்ன கேட்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். என்ன கேட்பது என்பதுதான் கஷ்டமாக இருந்தது.

"ஏலே கார்த்தி, பால் பொங்குதுலே. ஸ்பீக்கர்ல போடுதேன், கேளு."

லட்சுமியக்கா குலவை போட்டார்கள். நான் பொங்கலோ பொங்கல் என்றேன். அந்தப் பக்கம் அவன் சொன்னான், பின்னாலேயே நான்கைந்து பேர் குரல் கேட்டது. தமிழே தெரியாத பையன்கள், சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்கிறார்கள். அங்கேயும் பால்பவுடரைக் கரைத்துப் பொங்கல் கிண்டுகிறார்களாம்.

"வெல்லம் ஏது?" என்றேன்.

"சீனிதாம்ப்பா. அடிப்பிடிச்சிருச்சு."

"எனக்கும் அடிப்பிடிக்கும்னு உங்க லட்சுமி அத்தை பந்தயமே கட்டியிருக்காங்க."

அவன் சிரித்தான். அவன் அம்மா சிரிப்பதுபோலவே சிரிப்பான், அதை நான் மறந்தே போயிருந்தேன். மஞ்சள் கொத்தை எதை வைத்துக் கட்டினேன் என்று சொன்னேன், மறுபடியும் சிரித்தான். அங்கே கூட இருக்கிறவர்கள் பெயரெல்லாம் சொன்னான். அன்றைக்குப் போல அவன் என்னிடம் அவ்வளவு நேரம் பேசியதே இல்லை. போனை வைக்கப்போகும்போது கேட்டான்.

"அப்பா, நீங்க இன்னிக்கி ஒண்ணுமே கேக்கலியே?"

"கேக்க வேண்டியதையெல்லாம் தாயாருகிட்டக் கேட்டுட்டேம்லே" என்றேன்.

"சரிப்பா" என்றான். குரல் நன்றாக இருந்தது.

அன்று நான் அழவில்லை. சாதம் லேசாக அடிப்பிடித்தது, பந்தயத்தில் லட்சுமியக்கா ஜெயித்தார்கள். ஒரு தூக்குச் சட்டியில் பொங்கலை எடுத்துக்கொண்டு மத்தியானம் ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். மூக்கம்மா வாயில் போட்டுவிட்டு, "தாயாரு பொறுத்துக்கிடுவா" என்றாள்.

நான் இரண்டு கேட்டேன். முதலாவது கிடைக்கவில்லை. இரண்டாவது கிடைத்தது, அதற்குள்ளேயே முதலாவதில் பாதியும் இருந்தது. இப்போது கார்த்தி கீழே இறங்கும்போதெல்லாம் கூப்பிடுகிறான். ஆடிப்பூரத் தேருக்கு வரப் பார்க்கிறேன் என்கிறான். வந்தால் அவனோடு வடம் பிடிப்பேன். வராவிட்டால் தனியாகப் பிடித்துவிட்டு, தேர் எப்படி ஓடியது என்று அவனுக்குச் சொல்வேன். பயம் முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். வரும். வந்தால் அதையும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறேன்.

பண்டிகை வந்தால் வீடு வெறிச்சென்று இருக்கிறதே என்று உங்களில் யாராவது கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தால், உங்களுக்காகத்தான் இதை எழுதினேன். தள்ளி நின்று கும்பிட்டுவிட்டுப் போய்விடாதீர்கள். கையில் பிடித்திருப்பதைக் கொஞ்ச நேரம் யாரிடமாவது கொடுத்துவிட்டு உள்ளே போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் தேரடியில் மூக்கம்மாவின் கூடையைப் பாருங்கள். துளசிக்குப் பக்கத்தில் ஒரு பழைய போன் கிடக்கும். அது மணியடித்துக்கொண்டிருந்தாலும் நீங்கள் பதற வேண்டாம். அவள் எடுத்துப் பேசிக்கொள்வாள். நான் உள்ளே இருப்பேன்.