யானைக்கு ஒன்று, மூஸுக்கு ஒன்று

பால், ரொட்டி, ஆணி வாங்கப் போகும் கடையிலேயே இங்கே தோட்டாவும் விற்கிறார்கள். கனடாவின் வடக்கே ஒரு சிற்றூரில் குடியேறி ஏழு வருடமாகியும் எனக்கு இது பழகவில்லை. பில் போடும் பெண் துப்பாக்கி உரிமச் சீட்டைப் பார்ப்பாள், தோட்டாப் பெட்டியை முட்டை அட்டையின் பக்கத்தில் வைப்பாள், வெளியே பனி வழுக்குகிறது, பார்த்துப் போங்கள் என்பாள்.

நான் சின்னக்கானல் என்ற மலையூரின் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். கணவர் செந்தில் வடகரப்பதி என்ற ஊர்க்காரர். இங்கே முதியோர் இல்லமொன்றில் செவிலியாக இருக்கிறேன். கூட வேலை செய்யும் மார்த்தா இந்த மண்ணின் பூர்வகுடிப் பெண். இலையுதிர் காலத்தில் அவள் குடும்பம் மூஸ் வேட்டைக்குப் போகும். மூஸ் என்பது குதிரையைவிட உயரமான மான். ஒன்று கிடைத்தால் இரண்டு வீட்டுக்குக் குளிர்காலம் முழுக்க இறைச்சி. இரண்டு வருடமாக என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாம் வருடம் தேர்வெழுதி உரிமம் வாங்கினேன். துப்பாக்கி வாங்குவதுதான் பாக்கி.

துப்பாக்கிப் பகுதியில் ராய் என்ற முதியவர் இருந்தார். காலிபர், அதாவது குழலின் விட்டம், மிருகத்துக்கும் ஆளுக்கும் பொருந்த வேண்டும் என்றார். "மூஸ் பெரிய மிருகம். இதுவரை நீ பக்கத்தில் பார்த்ததிலேயே பெரியது எது?"

"யானை" என்றேன்.

அவர் தொப்பியைக் கழற்றினார். உள்ளே போய்த் தடித்த குழலுள்ள ஒரு துப்பாக்கியை எடுத்து வந்தார். "முந்நூற்று எழுபத்தைந்து. ஆப்பிரிக்காவில் யானைக்கு இதை எடுப்பார்கள். உனக்குத் தெரியாததா."

நான் யானை சுட்டவள் என்று நினைத்துவிட்டார். உடனே திருத்தியிருக்க வேண்டும். திருத்தாமல் அதை வாங்கித் தோளில் வைத்தேன்.

யானையைப் பார்த்தபோது எனக்குப் பதினாலு வயது. தேயிலை ஃபாக்டரிக்குக் காலை ஷிஃப்ட் போகும் அப்பாவோடு பள்ளிக்கூடத்துக்கு நடந்துகொண்டிருந்தேன். கைக்கெட்டும் தூரம் தெரியாத மூடுபனி. பாறை என்று நாங்கள் நினைத்தது அசைந்தது. அப்பா என்னைத் தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஓடிய கானுக்குள், மழைநீர் வடிகாலுக்குள், தள்ளினார். தண்ணீரில் குப்புறக் கிடந்த நான் தலையைத் தூக்கியபோது நான்கு கால்கள் மட்டும் தெரிந்தன. அவை மெதுவாக, தூக்கத்தில் நடப்பதுபோலப் போயின. பிறகுதான் அப்பாவின் முனகல் கேட்டது. இடுப்பெலும்பு உடைந்திருந்தது. ஆறு மாதம் படுக்கை. இன்றும் சாய்ந்துதான் நடக்கிறார். லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், எல்லோரும் அந்த யானையைச் சாமி என்றுதான் சொன்னார்கள், கோவிலுக்குப் போகிறவர்களும், மாதா கோவிலுக்குப் போகிற நாங்களும். சுட வேண்டுமென்று யாரும் பேசவில்லை. நான் மட்டும் வகுப்பில் உட்கார்ந்து, மனதுக்குள் ஒரு துப்பாக்கியைச் செய்துகொண்டே இருந்தேன். குழல் எவ்வளவு தடியாக இருக்க வேண்டும் என்று யோசிப்பேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

அந்தத் துப்பாக்கி இப்போது என் தோளில் இருந்தது. குறிபார்க்கும் கண்ணாடிக்குள் கடைச் சுவர் வெள்ளையாக, பனிபோல மிதந்தது.

கூட வந்திருந்த செந்தில் என் காதருகே வந்தார். "ஏம்புள்ள, மானுக்கா இத்தாப்பெருசு? எங்கூர்ல பஞ்சாயத்து ஆர்டர் வாங்கி வெள்ளாமைய அழிக்கற பன்னியச் சுடறவருகூட இத்துனூண்டுதான் வெச்சிருக்கறாரு. இது உன்ற தோளப் பேத்துப்போடுமாட்ட இருக்குது."

நான் விலை கேட்க நினைத்தது மூஸுக்கான துப்பாக்கிக்கு அல்ல, அந்த யானைக்கானதற்கு என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. கீழே வைத்தேன். யானையைச் சுட்டதில்லை, அதுதான் என் அப்பாவை அடித்தது என்று ராயிடம் சொன்னேன்.

அவர் பெரிய துப்பாக்கியை உள்ளே கொண்டுபோய் வைத்தார். பிறகு மெல்லிய துப்பாக்கி ஒன்றை எடுத்தார். "முந்நூற்று எட்டு. இருநூறு கஜத்துக்குள் மூஸுக்கு இது போதும். பெரியது தோளில் உதைக்கும். அந்த உதைக்குப் பயந்தால் விசையை இழுக்கும்போதே கண்ணை மூடிக்கொள்வாய். குண்டு தவறான இடத்தில் பட்டு, அது காட்டுக்குள் போய் இரண்டு நாள் கிடந்து சாகும். நீ பயப்படாத துப்பாக்கியை எடு."

ஒரு மாதம் காகிதத்தில் சுட்டுப் பழகினேன். அக்டோபரில் சதுப்புநிலத்தின் ஓரம் நானும் மார்த்தாவும் காத்திருந்தோம். தண்ணீரிலிருந்து ஆவி எழுந்தது. அதற்குள்ளிருந்து, சத்தமே இல்லாமல், அது வந்தது. எண்பது அடி தூரம் இருக்கும். விசையை இழுத்தேன், என் கண் மூடவில்லை. மூஸ் இரண்டு எட்டு வைத்து முழங்கால் மடங்கி விழுந்தது. மார்த்தா அதற்கு நன்றியாக மண்ணில் ஒரு சிட்டிகைப் புகையிலை வைத்துத் தன் மொழியில் ஏதோ சொன்னாள். நான் மீதித் தோட்டாக்களை வெளியே எடுத்துவிட்டு அவள் பக்கத்தில் மண்டியிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு ஃபோன் செய்து சொன்னேன்.

"எம்புட்டுத் தண்டி?"

"நம்ம லயத்துக் கதவு உசரம்ப்பா."

"துடிச்சுச்சா?"

"இல்லப்பா. உடனே போயிருச்சு."

"அப்பச் சரி."

கேட்டுவிட்டேன். "அன்னைக்கு உங்க கையில ஒரு துப்பாக்கி இருந்திருந்தா?"

"இருந்திருந்தா பயத்துல சுட்டிருப்பேன். அதுவும் செத்திருக்கும், நானும் செத்திருப்பேன்" என்றார் அப்பா. "அது என்னயப் பாத்துப் பயந்துருச்சும்மா. அம்புட்டுத்தான்."

இத்தனை வருடத்தில் எனக்கு அது தோன்றவேயில்லை.

மறு வருடமும் போனோம். காற்றைப் பார் என்றாள் மார்த்தா. காய்ந்த புல்லைக் கிள்ளி மேலே போட்டேன். அது என் முகத்தை நோக்கிப் பறந்து வந்தது. நம் வாசனை மிருகத்துக்குப் போகாது, நெருங்கலாம் என்று அர்த்தம். சின்னக்கானலிலும் இதே மாதிரி காற்றைப் பார்ப்போம், யானையை விட்டு விலகிப் போவதற்காக. மார்த்தா முன்னால் நடக்கத் தொடங்கியிருந்தாள். என் வலது கால் அவள் பின்னே ஓரடி எடுத்து வைத்துவிட்டது. இடது கால் வந்த வழியைப் பார்த்துத் திரும்பி நின்றது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன், இரண்டு ஊர்க் காற்றும் ஒரே முகத்தில் பட.