நண்டு இழுத்த கயிறு

எழுபதுகளில் எங்கள் தூத்துக்குடி வீட்டுத் தரைக்கு அடியில் கழிவுநீர்க் குழாய் விரிசல் விட்டது. புதிதாகப் போட்ட மொசைக்கை உடைக்க மனசில்லாமல், படகுக்கு ஒட்டுப்போடும் ஒருவரை அழைத்துவந்தேன். முன்பு சங்கு குளித்தவர். எதைக் கேட்டாலும் மூச்சடக்கி யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்வார்.

ஒரு நண்டின் காலில் நூலைக் கட்டிக் குழாய்க்குள் விட்டார். அது கொல்லைப்புறத் தொட்டியில் வெளியே வந்தது. நூலில் கயிற்றையும், கயிற்றில் தார் பூசிய நீளமான கித்தான் துணி உறையையும் கட்டி இழுத்தார். உறைக்குள் தண்ணீர் நிரப்பியதும் அது விரிந்து, குழாயின் உட்சுவரில் ஒட்டி விரிசலை அடைத்தது.

நண்டைக் கழுவி வாளியில் விட்டார்.

"இத என்ன செய்யப் போறிய அண்ணாச்சி?"

"வேல செஞ்சவன கடல்ல கொண்டு விடணும்லா."

மத்தியானம் தூக்குச்சட்டியைத் திறந்தார். நண்டுக் குழம்பு.

"அப்ப இது?" என்றேன்.

வழக்கத்தைவிட நெடுநேரம் மூச்சடக்கினார்.

"இவன் எனக்குப் பழக்கமில்ல."