ஒன்பது கோவில்களும் ஒரு நட்சத்திரமும்

ஞாயிறு காலை ஆறு மணிக்குச் சேலையூரில் எங்கள் வீட்டு வாசலில் வண்டி வந்து நின்றபோது, பின் சீட்டில் என் சம்பந்தி வசந்தா ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். டிரைவர் ஏழுமலை அவரைக் கீழ்க்கட்டளையில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். நாள் வாடகை இரண்டாயிரத்து எண்ணூறு, ஆளுக்குப் பாதி என்று போனிலேயே பேசி முடித்திருந்தோம். ஐந்து மாதமாக எங்களுக்குள் பேசி முடித்த ஒரே விஷயம் அதுதான்.

சென்னையின் தெற்கிலும் மேற்கிலும் நவக்கிரகங்களுக்கென்று ஒன்பது சிவன் கோவில்கள் இருக்கின்றன. கும்பகோணம் வரைக்கும் போக முடியாதவர்கள் தாம்பரத்தில் காபி குடித்துவிட்டுக் கிளம்பினால், ஒரே நாளில் ஒன்பதையும் பார்த்துவிட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். முப்பது வருஷமாகத் தாம்பரத்துக்காரி நான். ஒரு தடவைகூடப் போனதில்லை. கிரகங்கள் என்னைத் தேடி வராதவரை நானும் அவர்களைத் தேடிப் போகவில்லை.

இப்போது ஏன் போனேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் மகன் கார்த்திக்கும் வசந்தாவின் மகள் நித்யாவுக்கும் கல்யாணமாகி மூன்றே மாதத்தில் எனக்கு மாரடைப்பு வந்தது. ஸ்டென்ட் வைத்துக்கொண்டு நான் வீடு திரும்புவதற்குள் நித்யா பெட்டியைக் கட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. கார்த்தி ஞாயிற்றுக்கிழமை தோறும் கீழ்க்கட்டளைக்குப் போய்க் கூப்பிடுவான், தனியாகத் திரும்பி வருவான். போன வாரம் அவளே, "வக்கீலைப் பார்த்துடலாம், நீ வேற வாழ்க்கை அமைச்சுக்கோ" என்று சொல்லிவிட்டாளாம். சீக்காளி மாமியாருக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்கப் பயந்து ஓடின பெண் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். வக்கீலிடம் போவதற்கு முன்னால் ஒன்பது கோவிலுக்கும் ஒரு நடை போய் வரலாம் என்று கூப்பிட்டவர் வசந்தாதான். சரி என்றேன். மதிய மாத்திரையைக் கைப்பையில் போட்டுக்கொண்டு ஏறினேன்.

பல்லாவரம் தாண்டுவதற்குள்ளேயே முதல் தகராறு வந்துவிட்டது. கிழமை வரிசைப்படி ஞாயிறுக்குச் சூரியன், திங்களுக்குச் சந்திரன் என்று போக வேண்டும் என்றார் வசந்தா. ஏழுமலை கண்ணாடியில் எங்களைப் பார்த்தார்.

"இன்னாம்மா நீங்க. சூரியன் கொளப்பாக்கத்துல கீறாரு. சந்திரன் அந்தாண்ட சோமங்கலத்துல கீறாரு. செவ்வா பூந்தமல்லில. அந்தக் கணக்குல போனா நாம ரோட்டுலயே சுத்திகினு கெடக்கணும். பன்னெண்டு மணிக்கு எல்லாக் கோயிலும் நடை சாத்திடுவான். சூரியன மொதல்ல பாப்போம், சனிய கடைசில பாப்போம். நடுவுல உள்ளவங்க கோச்சிக்க மாட்டாங்க."

கிரகங்களின் சார்பில் நானும் ஒப்புக்கொண்டேன்.

6.50, கொளப்பாக்கம். சேலையூரிலிருந்து சுமார் பதினாறு கிலோமீட்டர். விமான நிலையத்துக்குப் பின்பக்கம் என்பதால், கோபுரத்துக்கு மேலே விமானம் தாழப் பறக்கிறது. தீபாராதனை மணியும் விமானச் சத்தமும் சேர்ந்தே கேட்டன. கூட்டம் அதிகமில்லை. அர்ச்சனைத் தட்டை நீட்டினேன். குருக்கள் பெயர், நட்சத்திரம், ராசி கேட்டார்.

"கார்த்திகேயன், ரோகிணி, ரிஷப ராசி" என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

கல்யாணமான பிள்ளைக்கு அர்ச்சனை செய்தால் பெண்டாட்டி பேரையும் சேர்த்துச் சொல்வதுதான் வழக்கம். குருக்களும் இன்னும் ஏதாவது வரும் என்று ஒரு நிமிஷம் பார்த்தார். நான் தூணைப் பார்த்தேன். வசந்தா தன் தட்டோடு முன்னால் போய், குருக்களின் காதுக்குப் பக்கத்தில் குனிந்து ஏதோ சொன்னார். மகளின் பெயரை ஏன் ரகசியமாகச் சொல்ல வேண்டும்? என் காதில் விழுந்தால் திருஷ்டி பட்டுவிடுமா என்று எனக்குச் சுருக்கென்றது.

கெருகம்பாக்கத்தில் கேது, இரண்டு கிலோமீட்டர்தான். கொள்ளு வைத்துக் கும்பிடுகிறார்கள். அங்கேயும் அதே காது, அதே குசுகுசுப்பு. கோவூரில் புதன். பெரிய கோவில், விசாலமான பிராகாரம், வெயில் ஏறாத நேரத்தில் சுற்றி வந்தால் மனசு தானாக அடங்குகிறது. பரீட்சை எழுதப்போகும் பிள்ளைகள் கூட்டமாக வந்து பச்சைப்பயறு வைத்திருந்தார்கள். போரூரில் குரு. இது மட்டும் ஊருக்கு நடுவே இருக்கிறது, வண்டி நிறுத்த இடம் தேடவே கால் மணி நேரம் ஆனது. பூந்தமல்லியில் செவ்வாய். கல்யாணம் ஆகாத பிள்ளைகளைப் பெற்றவர்கள் அங்கே எத்தனை பேர். எங்களைப் பார்த்து ஓர் அம்மா, "உங்க வீட்டுலயும் தோஷமா?" என்று விசாரித்தார். நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் "இல்ல இல்ல" என்றோம். அன்று நாங்கள் சேர்ந்து சொன்ன முதல் வார்த்தை அது.

11.20, மாங்காடு. அம்மன் கோவிலுக்குத்தான் எல்லோரும் ஓடுகிறார்கள். சுக்கிரன் தலமான வெள்ளீஸ்வரர் கோவில் அந்தத் தெருவிலேயே சத்தமில்லாமல் இருக்கிறது. நடை சாத்தும் நேரம். ஆறு கோவில் முடிந்தது, ஆறிலும் நான் ரோகிணியோடு நின்றேன், வசந்தா குசுகுசுத்தார்.

மதியச் சாப்பாடு குன்றத்தூர் ரோட்டில் ஒரு சைவ ஓட்டல், அளவுச் சாப்பாடு நூற்றிருபது ரூபாய். எனக்கு அப்பளம் ஆகாது என்று சொல்லி வசந்தா என் இலையிலிருந்து எடுத்துக்கொண்டார். "எண்ணெய் பலகாரம் வேண்டாம் சம்பந்தி, பார்த்துக்கோங்க." அக்கறையாகச் சொல்கிறாரா, குத்திக் காட்டுகிறாரா என்று யோசித்தபடியே மோர் சாதத்தைச் சாப்பிட்டு முடித்தேன்.

நாலு மணிக்குச் சோமங்கலம். ஊர் இன்னும் ஊராகவே இருக்கிறது. ஏரி, வயல், மாடு, நடுவே புதுசாக வீட்டு மனை விற்கும் பலகைகள். சந்திரனுக்கு நெய்விளக்கு ஏற்றிவிட்டு வந்த வழியே திரும்பினோம். "ராவு காலம் முடியறதுக்குள்ள ராகு கோயிலுக்குப் போயிடணும்கா, அதான் விசேசம்" என்று ஏழுமலை வண்டியை விரட்டினார்.

5.15, குன்றத்தூர் நாகேஸ்வரர் கோவில். ஞாயிறு ராகு காலம் நாலரையிலிருந்து ஆறு மணி வரை. பால் அபிஷேகத்துக்குக் கூட்டம் நெரிந்தது. குருக்களுக்கு ஒவ்வொருவர் காதருகிலும் குனிய நேரமில்லை. எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து, அவரவர் சொல்வதைக் கணீரென்று திருப்பிச் சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போனார். என் முறை வந்தது. ரோகிணி, ரிஷபம். அடுத்து வசந்தா. உதடுதான் அசைந்தது.

"நித்யா. கடக ராசி, ஆயில்யம்" என்று குருக்கள் உரக்கச் சொன்னார். "ஆயில்யத்துக்கு நாகராஜாதான் தேவதை, நன்னா வேண்டிக்கோங்கோ."

கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் கைக்கு வந்த ஜாதகத்தில் நித்யாவுக்குப் பூச நட்சத்திரம். பத்துப் பொருத்தமும் அதை வைத்துத்தான் பார்த்தோம். ஆயில்யத்துப் பெண் மாமியாருக்கு ஆகாது என்று ஒரு நம்பிக்கை ஊரெல்லாம் இருப்பது தெரிந்ததுதானே. உடம்பெல்லாம் எனக்குக் கொதித்தது. அபிஷேகம் முடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். வெளி மண்டபத்துக்கு வந்ததும் கேட்டுவிட்டேன்.

"ஜாதகத்தை மாத்திக் கொடுத்தீங்களா சம்பந்தி?"

வசந்தா மறுக்கவில்லை. மண்டபத்துப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"பொறந்த நேரத்தைக் கொஞ்சம் முன்னால தள்ளிப் போட்டு எழுதினோம். ஏழு வருஷம் அலைஞ்சோம். ஆயில்யம்னு சொன்னாலே ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்துடுவாங்க. மாமியார் இல்லாத இடமா பாருங்கன்னு தரகர் சொல்றாரு. தாயில்லாத பிள்ளை எங்கே கிடைப்பான்னு வீடு வீடா விசாரிக்கறது எவ்ளோ பாவம், சொல்லுங்க. ஆனா சாமிகிட்ட பொய் நட்சத்திரம் சொல்ல வாய் வரல."

"இது நித்யாவுக்குத் தெரியுமா?"

"கல்யாணத்தப்பவே தெரியும். வேண்டாம்மா, சொல்லிடலாம்னுதான் அவ சொன்னா. நான்தான் அடக்கி வெச்சேன். உங்களை ஆஸ்பத்திரியில சேர்த்த அன்னைக்கு ராத்திரி வீட்டுக்கு வந்து, 'என்னாலதாம்மா, நான் இனிமே அந்த வீட்டுல கால் வெச்சா அத்தை போயிடுவாங்க'ன்னு ஒரே அழுகை. மாப்பிள்ளைகிட்ட சொன்னா என்னைத் தப்பா நினைப்பாருன்னு அவர்கிட்டயும் சொல்லல. இன்னைக்கு வரைக்கும் உங்க உடம்பு எப்படி இருக்குன்னு தினமும் அவர்கிட்ட போன்ல கேட்டுக்கிட்டேதான் இருக்கா."

ஆஸ்பத்திரியில் நான் படுத்திருந்தபோது கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கமே நின்றாள் அந்தப் பெண். ஒரு நாளும் உள்ளே வரவில்லை. மூத்திரப் பை மாற்றச் சொல்லிவிடுவேனோ என்று பயப்படுகிறாள் என நர்ஸிடமே சொல்லிச் சிரித்தேன் நான். அவள் என் உயிருக்குக் காவல் நின்றிருக்கிறாள். என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. வசந்தாவுக்குப் பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன்.

"சம்பந்தி, என் அப்பாவுக்கு நாற்பத்தெட்டு வயசுல நெஞ்சு வலி. அண்ணனுக்கு அம்பத்தொண்ணுல. எனக்குச் சர்க்கரை வந்து பன்னெண்டு வருஷம். அதோட தினம் சாயங்காலம் ரெண்டு வடை. இதுல உங்க பொண்ணு எங்கே வந்தா? என்கிட்ட முன்னாடியே நீங்க சொல்லியிருந்தா, நானும் ஜாதகத்தைத் திருப்பித்தான் கொடுத்திருப்பேன். அதனால சொல்லாததே நல்லதாப் போச்சு."

வசந்தா அழுதுகொண்டே சிரித்தார். ஒன்பது கிரகத்துக்கும் விளக்கேற்றப் புறப்பட்டவள் இப்படிப் பேசலாமா என்று நீங்கள் கேட்கலாம். கும்பிடுவது வேறு, ஒரு பெண்ணின் தலையில் என் வடையை ஏற்றுவது வேறு.

6.40, பொழிச்சலூர், அனகாபுத்தூர் வழியாக. சனீஸ்வரன். எள் விளக்கின் வாசனை தெருவிலேயே வந்துவிடுகிறது. இங்கே ஒரே ஒரு தட்டுதான் வாங்கினோம். வசந்தாவைத் தள்ளிக்கொண்டு நான்தான் முன்னால் போனேன்.

"கார்த்திகேயன், ரோகிணி, ரிஷபம். அவன் சம்சாரம் நித்யா, ஆயில்யம், கடகம்" என்றேன். பக்கத்தில் நின்ற நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி உரக்கவே சொன்னேன். "அதோட அவ மாமியார், என் பேரையும் சேர்த்துக்கோங்க."

சனீஸ்வரன் கோவிலுக்குப் போனால் நேராக வீட்டுக்குத்தான் போக வேண்டும், வேறு யார் வீட்டு வாசலையும் மிதிக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். "மொதல்ல கீழ்க்கட்டளையா, சேலையூராக்கா?" என்று ஏழுமலை கேட்டார். நான் கார்த்திக்கு போன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் அவன் கீழ்க்கட்டளையில்தான் இருந்தான். போனை நித்யாவிடம் கொடுக்கச் சொன்னேன்.

"நித்யா, எல்லாம் தெரிஞ்சுடுச்சு. உங்கம்மாவும் நானும் நேரா நம்ம வீட்டுக்குத்தான் போறோம். சாவி அவன்கிட்ட இருக்கு. நீ வந்து கதவைத் தெறந்து வை."

அவள் மறுத்துப் பேசுவதற்குள் போனை வைத்துவிட்டேன்.

பம்மல், பல்லாவரம், குரோம்பேட்டை. ஜி.எஸ்.டி. ரோட்டில் ஞாயிறு மாலை நெரிசல் எறும்பு ஊர்கிற வேகத்தில் நகர்ந்தது. அவள் வருவாளா என்று வசந்தாவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. வசந்தா என் கையைப் பிடித்துக்கொண்டார். தாம்பரம் மேம்பாலம் ஏறி இறங்கும்வரை விடவில்லை. காலையில் இதே ரோட்டில் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு போனோம்.

எட்டு மணிக்குச் சேலையூர். வீட்டுக் கதவு திறந்திருந்தது. கார்த்தி உள்ளே நின்றான். நித்யா கேட்டுக்கு வெளியே, தெருவிளக்கின் கீழே நின்றாள். இளைத்திருந்தாள்.

"ஏன் வெளியவே நிக்கற?"

"அத்தை, நான் உள்ள வந்து உங்களுக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா..."

நான் ஏதாவது சொல்வதற்குள் அவளே என் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"வேர்த்திருக்கீங்க. மதிய மாத்திரை போட்டீங்களா?"

கைப்பையைத் திறந்தேன். காலையில் வைத்த அட்டை வைத்தபடியே இருந்தது. ஒரு மாத்திரைகூடக் குறையவில்லை.

"என்ன அத்தை நீங்க, இது கூட ஞாபகம் இல்லாம" என்று அட்டையை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, தண்ணீர் எடுக்க விறுவிறுவென்று வீட்டுக்குள் போனாள்.