பன்னிரண்டாவது மாடியில் இளைத்த எடைக்கல்

தராசு மெக்கானிக்குக்குத் தூக்கிவாரிப்போட்டது. தரைத்தளத்தில் அவருடைய மச்சான் சரிபார்த்துக் கொடுத்த ஆய்வுக்கூடத் தராசு, பன்னிரண்டாவது மாடிக்கு வந்ததும் அதே எடைக்கல்லை ஒரு துளி குறைத்துக் காட்டியது. காற்று படுகிறதோ என்று கண்ணாடிக் கதவைச் சாத்தினார், மட்டம் பார்த்தார். அப்போதும் அதே குறைதான். உடனே மச்சானைப் போனில் பிடித்தார்.

"தூங்கிக்கிட்டே வேலை பாத்தியா? இனிமே என் தராசுல கை வைக்காதே!"

கத்திவிட்டு வைத்ததும் ஆய்வுக்கூடத்து அம்மா குறுக்கிட்டார்.

"அவர் மேல தப்பில்லைங்க. பூமியோட மையத்தை விட்டுத் தள்ளிப் போகப் போக அதோட இழுப்பு குறையும். அந்தத் தூரம் ரெண்டு மடங்கானா இழுப்பு கால்வாசிதான் இருக்கும். பன்னிரண்டு மாடி ஏறினதுக்கு ஒரு துளி குறைஞ்சிருக்கு, உங்க தராசு அதையும் பிடிச்சிருச்சு. எங்க வைக்கப்போறோமோ அங்கேயேதான் சரிபண்ணணும்."

எடைக்கல்லைத் தவிர உலகத்தில் எதையும் நம்பாத மெக்கானிக், இடுக்கியில் பிடித்த கல்லையே வெறித்துப் பார்த்தார்.

"மேல கொண்டுபோய்ப் பாக்கலாமே" என்றுதான் மச்சான் காலையில் கேட்டான். "மாடி ஆடும்டா, கீழேயே பாரு" என்று அதட்டி உட்காரவைத்தவர் இவரேதான்.

போன் அடித்தது. மச்சான்தான். எடுக்கக் கை வரவில்லை.