எல்லாருக்காகவும் பேசப் போனேன்

ஈஜிபுராவில் ஒரே வீட்டுக்காரரிடம் எட்டுக் குடும்பங்கள் வாடகைக்கு இருந்தோம். குழாயில் வரும் காவிரித் தண்ணீரை அவர் அடிக்கடி நிறுத்திவிடுவார். எங்கள் பகுதியில் நடந்த சமரசப் பேச்சுப் பயிற்சிக்கு நான் போயிருந்தேன். கூட்டமாகக் கத்தாமல் ஒருவரே பொறுமையாகப் பேச வேண்டும் என்று அங்கே சொல்லித்தந்தார்கள். அதனால் எல்லாரும் என்னையே அனுப்பினார்கள். அப்படியே பேசினேன், மறுநாளே தண்ணீர் வந்தது.

அந்த வாரமே வீட்டுக்காரர், "என் வீட்லயே சங்கம் வைக்கிறியாம்மா? காலி பண்ணு" என்றார்.

பக்கத்து வீட்டு மல்லிகாவைத் துணைக்குக் கூப்பிட்டேன். குடத்தை நிரப்பிக்கொண்டே, "நீதானேக்கா பேசுன? நாங்க எதுவும் சொல்லலையே" என்றாள்.

இப்போது லிங்கராஜபுரத்தில் இருக்கிறேன். இங்கும் தண்ணீர்ப் பிரச்சினைதான். கதவு கதவாகத் தட்டி, எல்லாரையும் கூட்டிக்கொண்டுதான் வீட்டுக்காரரிடம் போகிறேன். அவர்கள் வாய் திறக்கும்வரை நானும் திறப்பதில்லை.